முழங்கைக் குழாயில் உறைந்த உப்பு

செப்டம்பர் பதினெட்டு அந்த நாட்டின் சுதந்திரத் திருநாள். அதற்கு முந்தைய நாள் காலையாகப் பார்த்துத்தானா அடகாமா பாலைவனத்துச் சூரியக் கோபுரத்தில் குழாய் அடைத்துக்கொள்ள வேண்டும்?

பத்தாயிரம் கண்ணாடிகள் வெயிலைக் கோபுர உச்சிக்குத் திருப்பக் காத்துக்கொண்டிருந்தன. கீழே பெரிய தொட்டியில் உருகிய உப்பு தண்ணீர் போலத் தளும்பியது. அது உச்சிக்குப் போய் வெயிலில் சூடேறித் திரும்பினால்தான் நீராவி. நீராவி வந்தால்தான் மின்சாரம். ஆனால் உச்சியிலிருந்து உப்பு வடிந்து இறங்கும் குழாய் ஒன்றில் சொட்டுக்கூட இறங்கவில்லை. இருநூற்று நாற்பது டிகிரிக்குக் கீழே சூடு குறைந்தால் அந்த உப்பு கல்லாகிவிடும்.

"இது சரியாகாம ஒருத்தரும் ஊருக்கு பஸ் ஏற முடியாது" என்றார் ஷிஃப்ட் தலைவர் எவாரிஸ்தோ. முப்பது பேரின் முகமும் தொங்கிப்போயிற்று.

"திரையில குழாய் முழுக்க முந்நூறு டிகிரின்னுல்ல காட்டுது?" என்றான் வெல்டர் ரொமிலியோ.

"திரை சொல்றது இருக்கட்டும். சென்சார் இல்லாத இடமும் இருக்கு, நான் போய்ப் பாக்கறேன்" என்று வெப்பக் கேமராவை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள் நெல்டா கோல்கே. குழாய்களைச் சூடாக வைத்திருக்கும் கம்பிகளும், சூடு வெளியேறாமல் அவற்றின் மேல் சுற்றும் தீப்பிடிக்காத பஞ்சும் அவள் பொறுப்பு.

மூன்றாவது தளத்தில் குழாய் முழங்கைபோல் மடங்கும் இடம் கேமராவில் சூடில்லாமல் கறுப்பாகத் தெரிந்தது. தகர மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு சாண் நீளத்துக்குப் பஞ்சே இல்லை. மூன்று வாரத்துக்கு முன் அந்த இடத்தைப் பழுது பார்த்தவள் அவளேதான். பஞ்சைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ரொமிலியோவின் பிறந்தநாள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். வந்து முடித்துக்கொள்ளலாம் என்று மூடியை மட்டும் மாட்டிவிட்டு ஓடியவள், அப்படியே மறந்துபோனாள்.

அவள் இறங்கி வந்து பஞ்சு இல்லாததைச் சொன்னதும் எவாரிஸ்தோ, "காத்து மூடி இடுக்குல புகுந்து பிச்சிட்டுப் போயிருக்குமே, இந்த வாரம் என்ன காத்து!" என்றார்.

தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம். நெல்டா கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றினாள்.

"காத்து பிய்க்கலீங்க, குளிரத்தான் வச்சிருக்கு. நான்தான் பாதியில விட்டுட்டுக் கேக் திங்க ஓடிட்டேன்."

"என் கேக்குக்கா? அது வாயிலயே வைக்க முடியலியேம்மா!" என்றான் ரொமிலியோ. எல்லாரும் சிரித்தார்கள். எவாரிஸ்தோ மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, எப்படித் திறக்கப்போறே?"

ரொமிலியோ அதற்குள் தீப்பந்தம்போல் எரியும் காஸ் குழலைத் தூக்கிவிட்டான்.

"அதைக் கீழ வைடா!" என்று தடுத்தாள் நெல்டா. "நடுவுல சுட்டா உருகின உப்பு உப்பிக்கிட்டு வரும். ரெண்டு பக்கமும் கல்லு, எங்க போகும்? குழாயே வெடிச்சிரும். திறந்த வால்வுப் பக்கத்துலேர்ந்து சாண் சாணாத்தான் சூடு பண்ணணும்."

சூடேற்றும் கம்பியைச் சுற்றுவது, காத்திருப்பது, தள்ளிச் சுற்றுவது. நான்கு மணி நேரம் நெல்டா அந்தத் தளத்தை விட்டு இறங்கவில்லை. ரொமிலியோ மேலே ஏறிவந்து, கறி அடைத்த எம்பனாதா ரொட்டியைப் பிட்டு அவள் வாயிலேயே வைத்துவிட்டுப் போனான். ஒன்றரை மணிக்குக் குழாய்க்குள் யாரோ கொப்பளிப்பதுபோல் ஒரு சத்தம். உப்பு வெளிர்மஞ்சளாகச் சரசரவென்று இறங்கியது.

"வந்திருச்சு!" என்று கீழே கத்தினார்கள். அதில் எவாரிஸ்தோவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, கோபுர உச்சி கண் கூச ஒளிர்ந்தது. மூன்று மணிக்கு பஸ் ஹாரன் அடித்தது. நெல்டா அசையவில்லை. கடைசிச் சுற்றுப் பஞ்சையும் அழுத்தி, மூடியை மாட்டி, நான்கு திருகுகளையும் முறுக்கினாள்.

"டிரைவரை நான் பிடிச்சு வச்சிருக்கேன், அவசரப்படாதே!" என்று எவாரிஸ்தோ கீழேயிருந்து கையசைத்தார்.

பஸ் பக்கத்து நகரமான கலாமாவை நோக்கிக் கிளம்பியதும் பின்சீட்டில் கிட்டார் தொடங்கியது. முப்பது பேரும் ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். நெல்டா முதல் பாட்டு முடிவதற்குள், ஜன்னலில் தலை மோத மோதத் தூங்கிப்போனாள்.