சிமெண்டுக்குள் ஒரு சட்டைப் பொத்தான்

எங்கள் வீட்டு மாடியில் நான்கு சுவர்கள் எட்டு மாதமாகக் கூரை இல்லாமல் நின்றன. கதவு வைத்தாயிற்று, ஜன்னல் வைத்தாயிற்று, கதவுக்குப் பூட்டுகூடப் போட்டாயிற்று. அண்ணாந்து பார்த்தால் வானம். எதைப் பாதுகாக்கப் பூட்டு என்று எதிர்வீட்டு அம்மா கேட்டபோது, "காக்கா கதவு வழியா வந்துடக் கூடாதுன்னுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வேறு என்ன சொல்வது?

அந்த அறை எனக்கு. ஒன்பது வருடமாக என் தையல் மெஷின் குளியலறைக்குப் போகும் நடையில் கிடக்கிறது. யாராவது குளிக்கப் போனால் நான் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்ள வேண்டும். குளித்துவிட்டு வந்தால் மறுபடியும் தூக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் அன்று எனக்கு ஒரு சட்டைக் கைகூடத் தைத்து முடியாது. காலை நீட்டி உட்கார்ந்து தைக்க ஓர் இடம், அவ்வளவுதான் நான் கேட்டது.

கூரை ஏன் வரவில்லை என்றால், அதற்கு இரண்டு காரணங்கள். இரண்டும் ஆண்கள். ஒன்று என் வீட்டுக்காரர், இன்னொன்று என் தம்பி.

என் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருடமாக சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். ஒரு சட்டிக் கலவையைக்கூடக் கையால் கிளறியதில்லை. ஆனால் எந்த வேலைக்கு எந்த சிமெண்டு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். என் தம்பி கொத்தனார். கேட்டாலும் சொல்லமாட்டான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொத்துக் கரண்டியைக் கழுவுவான்.

"சீக்கிரம் இறுகுற உயர்ந்த ரகம்தான் போடணும் மாப்ள. ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு மணல், ரெண்டு பங்கு ஜல்லி" என்பார் இவர்.

"அவ்வளவு சிமெண்டு போட்டா வெடிப்பு விடும் மாமா. சாதா சிமெண்டு போதும். ஒண்ணு, ஒண்ணரை, மூணு" என்பான் அவன்.

"நான் சிமெண்டுலயே பொழங்குறவன்."

"மூட்டைய எண்ணுறது பொழங்குறது இல்ல மாமா."

எட்டு மாதம் இதே பாட்டுதான். நடுவில் நான் ஒருநாள் வாயைத் திறந்து, "ரெண்டுல ஏதோ ஒண்ணப் போடுங்களேன்" என்றேன். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எட்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

கடைசியில் தம்பி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். அடுத்த மாதக் கடைசியில் அணை கட்டும் வேலைக்குப் போகிறானாம். போனால் திரும்பி வர ஒன்றரை வருடம். வேறு கொத்தனாரை வைத்தால் தம்பிக்கு அவமானம், வைக்கவும் விடமாட்டான். ஒன்றரை வருடம் காலைத் தூக்கித் தூக்கி வைப்பது என்றால் எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

"சோதிச்சுப் பாத்துடுவோம்" என்று நான்தான் சொன்னேன். ஆளுக்கு ஒரு கட்டி வார்க்க வேண்டியது. இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தொழில் பள்ளிக்கூடத்துச் சோதனைக்கூடத்தில் இயந்திரத்தில் வைத்து உடைப்பது. எது அதிகம் தாங்குகிறதோ அந்தக் கலவைதான் கூரைக்கு. தோற்றவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது. இருவரும் உடனே சரி என்றார்கள். தோற்கப்போவது தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வார்க்கும் நாள் காலையில் இரண்டு இரும்பு அச்சுகளும் கொல்லைக்கு வந்தன. அன்றைக்கென்று பார்த்து இவருடைய நீலச் சட்டையில் பொத்தான் அறுந்துவிட்டது. எழுந்ததிலிருந்து அதே நச்சரிப்பு. "பொத்தான் என்னாச்சு? ஒரு பொத்தான் தைக்க ஒரு நாளா?" நான் ஒரு கையில் அந்த நீலப் பொத்தானும் ஒரு கையில் ஊசியுமாகக் கொல்லைக்கு வந்தேன். பனியனோடு நின்றுகொண்டு மனுஷன் கலவை கிளறிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. கரண்டி நகரவில்லை. ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். அப்போதும் கை வலித்தது போல. இன்னொரு மக் ஊற்றினார். அதற்கப்புறம் கரண்டி தானாக ஓடியது.

"பாத்தியா, எப்படி வழுக்கிட்டுப் போவுது. நல்ல சரக்குன்னா இப்படித்தான் இருக்கும்" என்றார் என்னிடம்.

தம்பி முக்கால் மக் ஊற்றிவிட்டு, முரட்டுக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக அச்சில் போட்டுக் கம்பியால் குத்திக்கொண்டே இருந்தான். மாமாவின் அச்சை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். கரண்டியைக் கழுவினான்.

இவர் கை கழுவப் போகிற போக்கில், "பொத்தான் தச்சாச்சா இல்லையா?" என்று மறுபடியும் கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது பாருங்கள் கோபம். இந்தா உன் பொத்தான் என்று அதை அவருடைய அச்சில் வைத்து விரலால் அழுத்திவிட்டேன். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிவிட்டது. விரலை எடுத்தேன், மேலே மூடிக்கொண்டது. சட்டைக்கு வெள்ளைப் பொத்தான் ஒன்றை எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். "நீலச் சட்டைக்கு வெள்ளைப் பொத்தானா?" என்று அதற்கும் ஒரு பேச்சு.

மறுநாள் அச்சைக் கழற்றினார்கள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு சாம்பல் நிறக் கட்டிகள், ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை. அடையாளம் வைக்க வேண்டுமே என்று இவர் என் தையல் பெட்டியைத் திறந்தார், கேட்காமலே. துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து ஒன்றில் நட்சத்திரம் போட்டார், தம்பி மற்றதில் பெருக்கல் குறி போட்டான். பிறகு இரண்டையும் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். அந்த சாக்பீஸ் ஒரு அலசு அலசினால் போய்விடும், போவதற்காகவே செய்தது. சொல்லியிருக்கலாம்தான். கேட்காமல் என் பெட்டியைத் திறந்தவர்களுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

வெயில் படக் கூடாது என்று தொட்டியைக் கொண்டுவந்து நடையில் வைத்தார்கள். என் மெஷினுக்குப் பக்கத்தில். ஆக, எனக்கு அறை கட்டுகிற வேலையில் முதலில் நடந்தது, இருந்த இடத்திலும் இரண்டடி போனது. இருபத்தெட்டு நாளும் தொட்டிக்குத் தண்ணீர் விட்டது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருபத்தொன்பதாம் நாள் மூன்று பேருமாகச் சோதனைக்கூடத்துக்குப் போனோம். இவர் விசேஷத்துக்குப் போகிற மாதிரி அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். இயந்திரக்காரர் கட்டிகளைத் துடைத்துவிட்டு, "எது யாருது?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். நட்சத்திரமும் இல்லை, பெருக்கலும் இல்லை.

"எதால எழுதினீங்க?"

"சாக்பீஸ்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"தண்ணிக்குள்ள போடுற கல்லுலயா?" இயந்திரக்காரர் நல்ல மனிதர், சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். "ரெண்டு பேருக்கும் கட்டட அனுபவம் உண்டா?"

அவர் இரண்டையும் ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்து உடைத்தார். முதல் கட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் டப்பென்று போனது. இயந்திரத்து முள் இருபத்தாறைக் காட்டியது. இரண்டாவது அவர் திரும்பி எங்களைப் பார்ப்பதற்குள் நொறுங்கிவிட்டது. பதினொன்று.

"கூரைக்கு இருபதாவது வேணும். இந்தப் பதினொண்ண வச்சு நாய்க்கூண்டுகூடக் கட்டாதீங்க" என்றார்.

"இருபத்தாறு என்னோடது" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே வாயாக.

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. எங்கள் கல்யாணத்தில் யாருக்கு யார் நாற்காலி கொடுக்கவில்லை என்பது வரைக்கும் போய்விட்டு வந்தது. "இனிமே நீங்களாச்சு உங்க சிமெண்டாச்சு. நான் போறேன்கா" என்று தம்பி வாசலைப் பார்த்துத் திரும்பினான். அறை போச்சு என்றே நினைத்தேன். அழுதுவிடக் கூடாதே என்று குனிந்து நொறுங்கிக் கிடந்த கற்களைப் பார்த்தேன்.

பதினொன்றின் குவியலில் நீலமாக ஏதோ தெரிந்தது.

நிமிர்ந்தேன். என் வீட்டுக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தானைப் பார்த்தார். தன் சட்டையில் இருந்த வெள்ளைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாக ஊருக்கெல்லாம் சிமெண்டு சொன்ன முகம் அப்படியே செத்துப்போனது. எனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை, பாவமாக இருந்தது. நான் சொன்னால் தம்பி அதை அணை கட்டுகிற இடம் வரைக்கும் கொண்டுபோய்ச் சிரிப்பான். சொல்லாவிட்டால் எனக்குக் கூரை இல்லை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் குனிந்து பொத்தானை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"நில்லு மாப்ள. இருபத்தாறு உன்னோடதுதான்."

தம்பி நின்றான். "எப்படித் தெரியும்?"

"தெரியும். இருபத்தஞ்சு வருஷமா சிமெண்டு விக்கிறவனுக்கு ஒரு கல்லப் பாத்தா தெரியாதா?"

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். அப்புறம் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அக்கா, மாமாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

அடுத்த வாரமே கூரை போட்டார்கள். சாதா சிமெண்டு, ஒண்ணு, ஒண்ணரை, மூணு. என் வீட்டுக்காரர் காலையிலிருந்து தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் மக். கலவை போடுகிறவர்கள், "கொஞ்சம் தண்ணி விட்டா சுலபமா இருக்கும் மொதலாளி" என்று கெஞ்சினார்கள். "தண்ணி கூடினா கல்லு நொறுங்கிடும், ஒரு சொட்டு தரமாட்டேன்" என்றார். குடிக்கக் கேட்டவனிடமும் எதற்கு என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தார். தம்பி அன்று கரண்டியைக் கழுவக் கேட்டபோது மட்டும் எதற்கென்று கேட்காமல் தானே ஊற்றினார்.

தம்பி அணை வேலைக்குக் கிளம்பிப் போய், கூரையைத் தாங்கக் கீழே கொடுத்திருந்த முட்டு எல்லாம் பிரித்த பிறகு, மெஷினை மேலே ஏற்றினோம். அன்று மத்தியானம் இவர் படியேறி வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், நின்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பொத்தானை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இத்தன வருஷமா எல்லாரும் எந்த சிமெண்டு நல்லதுன்னுதான் கேட்டாங்க. தண்ணி எவ்வளவுன்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். "கேட்டிருந்தா எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சிருக்கும்."

"இப்பவாவது சொல்லி அனுப்புங்க."

"சொல்றேன். மூட்ட வாங்குறவங்க ஒருத்தரையும் விடுறதில்ல. நேத்து ஒருத்தர், நான் பூந்தொட்டி ஒட்டத்தான் வாங்குறேன், விட்டுடுங்கன்னாரு."

சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். வெள்ளையை அறுத்துவிட்டு நீலப் பொத்தானை எடுத்தேன். நான்கு துளையில் இரண்டு அடைத்துப்போயிருந்தன, ஊசி ஏறவில்லை. மீதி இரண்டில் தைத்தேன்.

"நிக்குமா?" என்றார்.

"உங்க சிமெண்டவிட நிக்கும்."

அவர் பொத்தானை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். போவதற்காகத் திரும்பியவர் பழக்கத்தில் என் நாற்காலி அருகே வந்ததும் நான் காலைத் தூக்குவேன் என்று நின்றார். நானும் பழக்கத்தில் தூக்கிவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கீழ வை. அதான் இடம் இருக்கே" என்று சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போனார். நான் காலைக் கீழே வைத்தேன், பிறகு நன்றாக நீட்டினேன்.