ஆற்றில் கலக்க மறுத்த தண்ணீர்

நகராட்சிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர் அந்த வருடம் ஆற்றில் கலக்க மறுத்துவிட்டது. கடைசிக் குழாயின் வாய்வரைக்கும் ஒழுங்காக வந்தது, ஆற்றை ஒரு பார்வை பார்த்தது, வந்த வழியே திரும்பி மேடேறிப் போனது. மேட்டில் ஆபரேட்டரின் குவார்ட்டர்ஸ். படி ஏறி, முன்னறையைக் கடந்து, சமையலறையில் கணுக்கால் அளவுக்கு நின்றுகொண்டது. யாரையும் நனைக்கவில்லை, மரியாதை தெரிந்த தண்ணீர். நகராட்சிப் பொறியாளர் வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அதனிடம் விதிமுறைகளை வாசித்துக் காட்டினார். அது காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆபரேட்டரை ஊரில் நுரைக்காரர் என்பார்கள். காற்றூட்டும் தொட்டியின் நுரையைப் பார்த்தே, உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் பசியா அஜீரணமா என்று சொல்லிவிடுவார். அவற்றைப் பிள்ளைகள் என்றுதான் குறிப்பிடுவார். ஊரார் கழித்ததையெல்லாம் பிள்ளைகள் தின்று தீர்க்க, மிச்சம் தெளிந்து வெளியே வரும். அதைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, பின்னால் செய்தித்தாளை வைத்து, தண்ணீர் வழியே தலையங்கத்தை வாசித்துக் காட்டுவதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு மதகு இருந்தது. பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று தோன்றினால் போதும், மதகைத் திறந்து மீதிச் சாக்கடையை அப்படியே ஆற்றுக்குத் தள்ளிவிடுவார். குடுவை பளபளத்தது, ஆறு கறுத்து நாறியது. ஆறு தன் பொறுப்பில்லை என்று பல வருடங்கள் நிம்மதியாகத் தூங்கினார்.

தண்ணீர் வருவதற்கு முந்தின வாரம்தான் அவருடைய ஒரே மகளும் புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு வந்திருந்தாள். அடியுமில்லை, திட்டுமில்லை, அங்கே மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான் என்றாள். கூட்டிப்போக வெள்ளிக்கிழமை வருவதாக மாப்பிள்ளை போன் செய்துவிட்டார். நுரைக்காரருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பஞ்சாயத்து. தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே மகளுக்குப் புத்தி சொன்னார்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதாம்மா?"

"யாரைப்பா சொல்றீங்க? என்னையா, தண்ணியையா?"

"ரெண்டு பேரையும்தான். பார்த்துப் பார்த்து வளர்த்து அனுப்பினேனே, அதுல என்ன குறை வெச்சேன்?"

"அனுப்பினதுல ஒரு குறையும் இல்ல. போற இடம் எப்படி இருக்குன்னு ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்கினார். அங்கே வேலை பார்த்த இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து மதகை அடைத்துப் பூட்டினார். மொத்தச் சாக்கடையும் தொட்டிக்கே வர, பிள்ளைகள் திணறிப்போனார்கள். குடுவைத் தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கியது, தலையங்கம் என்ன, தலைப்பே தெரியவில்லை. பொறியாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இன்னொரு தொட்டி கட்டிக் கொடுங்கள் என்று நுரைக்காரர் அவர் உயிரை எடுக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். செருப்போடு சமையலறைக்குள் கால் வைத்ததும், கணுக்கால் தண்ணீரில் முழங்கால்வரை தொப்பலாக நனைந்தது அவர் ஒருவர்தான். நுரைக்காரர் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"அவ வரலை மாப்பிள்ளை. அங்க எப்படி இருக்குன்னு நான் வந்து பார்த்திருக்கணும். பார்க்காம அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

மாப்பிள்ளை காலைத் துடைத்துக்கொண்டு, ஈரச் செருப்போடு கிளம்பிப் போனார்.

இரண்டாவது தொட்டி வர இரண்டு வருடம் ஆயிற்று. ஆற்றின் கறுப்பு முதலில் பழுப்பானது, பிறகு பச்சையானது, ஒரு கோடையில் பொடி மீன்கள் தலைகாட்டின. அதன் பிறகே தண்ணீர் சமையலறையிலிருந்து எழுந்து போய், ஆற்றை முன்னும் பின்னும் பார்த்து, கலந்தது. மகள் போகவில்லை, நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். மேலே எங்காவது எவனாவது எதையாவது ஆற்றில் கொட்டினால் தண்ணீர் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். அப்பாவும் மகளும் அதற்குள் காலை வைத்துக்கொண்டே சாப்பிடுவார்கள். எப்போது கிளம்புகிறாய் என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை.