கொதித்தும் சாகாதது

காய்ச்சி அனுப்பிய பால் மூன்றாவது தடவையாகத் திரிந்ததும், பால் பண்ணை மேலாளர் பழியைத் தூக்கித் தொட்டி கழுவுகிறவர் தலையில் போட்டார். அவர் தேய்த்த தொட்டியில் முகம் பார்க்கலாம். அதனால் எல்லோருக்கும் அவர் ‘கண்ணாடி அண்ணன்’. வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி தொட்டி தேய்க்கப் போனார்.

ஆய்வகத்தில் பாலைச் சோதிக்கிறவளுக்கு மனசு கேட்கவில்லை. குழாய் இணைப்பைக் கழற்றினாள். உள்ளே ரப்பர் வளையம் வெடித்திருந்தது. வெடிப்பைச் சுரண்டி, அதில் இருந்த பாக்டீரியாவை வளர்த்தெடுத்து, மறுநாள் காலையில் தின்ன எதுவுமில்லாத தண்ணீரில் விட்டு, நுண்ணோக்கி முன் உட்கார்ந்தாள். பட்டினி கிடக்கும் பாக்டீரியா என்ன செய்யும் என்பதைப் படமாக வரைந்து மார்க் வாங்கியவள்தான், கண்ணால் பார்த்ததில்லை.

குட்டிக் குச்சி போன்ற ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மதியம் தாண்டி, அதன் ஓரத்தில் மங்கலாக ஒரு உருண்டை திரண்டது. மெல்ல மெல்ல ஒளி ஏறியது.

தரை துடைக்க வந்த கண்ணாடி அண்ணன் கேட்டார், “என்னம்மா, சாப்பிடக்கூடப் போகலையா?”

“இங்க வந்து பாருங்கண்ணே. உங்க மேல பழி போட்டது இதுதான்.”

அவர் குனிந்தார். “முத்து மாதிரி மின்னுதே.”

“பட்டினின்னு தெரிஞ்சதும் வயித்துக்குள்ளயே ஒரு ஓடு கட்டி, உயிரை அதுல வச்சுப் பூட்டிடுது. அப்புறம் பசியில்ல, வளர்ச்சியில்ல. கொதிக்க வச்சாலும் அசையாது. பால் பட்டா முழிச்சுக்கும்.”

“எத்தனை நாளைக்கு இப்படிக் கிடக்கும்?”

“நம்ம ஆயுசுக்கும் கிடக்கும்ண்ணே. அதுக்கப்புறமும்.”

“அப்ப, வெளிய இருக்கிற உடம்பு?”

அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குச்சியின் சுவர் கரைந்து பிளந்தது. முத்து மட்டும் தனியே மிதந்தது.

“போயிடுச்சும்மா,” என்றார் மெதுவாக. “தன்னைக் குடுத்துட்டுப் போயிடுச்சு.”

அவளும் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் அது ஒரே ஒரு வரி. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றார். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒவ்வொரு குச்சியாக உடைய, கண்ணாடித் தகடு முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம்.

மறுநாள் மேலாளரும் பார்த்தார். வளையங்களையெல்லாம் மாற்றச் சொன்னார். தொட்டிப் பக்கம் தானே நடந்துபோய், “தப்பாப் பேசிட்டேண்ணே,” என்றார். அதன்பின் பால் திரியவில்லை.

மேலாளர் பார்த்துப் போன அன்று சாயங்காலமே அந்தத் தகட்டை அழுத்த நீராவிப் பெட்டியில் வைத்தாள் அவள். அந்தச் சூட்டுக்கு அந்த முத்துகளும் தப்பாது. பொத்தானை அழுத்துமுன் விரல் கொஞ்ச நேரம் தயங்கியது.