புறங்கையால் மறைத்த பதினொரு நொடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவக்கூட மறந்து, மேசையில் ஓங்கித் தட்டி, “அவளேதான்! சத்தியமா அவளேதான்!” என்று கத்தினேன் பாருங்கள், அங்கே பிறந்தது. பக்கத்து மேசை எடிட்டர் (வெட்டுவதே தொழில் என்பதால் ஆபீஸில் அவர் பெயர் கத்தரி) பதறிப்போய் ஹெட்போனைக் கழற்றினார்.

“யாரு செத்தது?”

“யாரும் சாகல அண்ணே. வக்கீலம்மா! பழைய படத்துல நம்ம வக்கீலம்மா!”

வக்கீலம்மா யாரென்று உங்களுக்குத் தெரியாது. அதற்கு முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். ஆரம்பமே சொதப்பல். மறுபடி வருகிறேன்.

2

இரண்டாவது முயற்சி: “வெளியே மழை பெய்துகொண்டிருந்த ஒரு”

வேண்டாம். மழையே பெய்யவில்லை.

மூன்றாவது: காது கேட்காதவர்களுக்காகத் திரைக்கு அடியில் எழுத்து ஓடுமே, அதை எழுதுகிறவள் நான். பேச்சு மட்டுமல்ல, [கதவு சாத்தும் சத்தம்], [தூரத்தில் நாய்] என்று ஒலிகளையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். (இந்தக் கதையில் அடைப்புக்குறிகள் அளவுக்கு மீறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொழில் புத்தி.)

வக்கீலம்மா, நான் எழுத்துப் போடும் தொலைக்காட்சித் தொடரின் நாயகி. ஐம்பது வயதுக்காரி. கோர்ட்டில் ஒற்றைப் புருவத்தை ஏற்றினால் போதும், எதிர்த்தரப்பு வக்கீல் தண்ணீரைத் தேடுவார். எனக்கும் அக்காவுக்கும் அவள் என்றால் உயிர்.

3

அக்காவைப் பற்றி எழுதத்தான் கை தயங்குகிறது. முதல் வரைவில் அவளைப் பொறுமையின் வடிவமாக எழுதியிருந்தேன். கத்தரி படித்துவிட்டு, “இந்தம்மாவுக்குத் தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் ஒண்ணுதான் பாக்கி,” என்றார். சரிதான். அக்கா சண்டைக்காரி. மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோனது, வாயைத் தொடவில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். என் எழுத்தை வைத்துத்தான் தொடரைப் பார்ப்பாள், மறுநாள் வீடியோ காலில் வந்து தப்புக் கண்டுபிடிப்பாள்.

நாலு மாதம் முன்பு அந்தக் காட்சி வந்தது. வக்கீலம்மாவின் கணவன், வீட்டை விட்டுப் போகிறேன் என்று கடிதம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். படிக்கிறாள். புறங்கையால் வாயை மூடுகிறாள். தோள் குலுங்குகிறது. நான் எழுதியது: [அழுகை].

“அவ எங்கடி அழுதா? சிரிக்கிறா. விட்டது சனின்னு சிரிக்கிறா!”

“அழுறாக்கா. எவ்வளவு சோகமான மியூசிக் தெரியுமா?”

“மியூசிக் கெடக்கட்டும். நீ அவ தோளைப் பாத்தியா?”

அடுத்து நான் சொன்னதை இங்கே தாண்டிவிடலாம் என்று

இல்லை, எழுதுகிறேன். “காது கேக்காத உனக்கு என்ன தெரியும்?” என்றேன்.

முணுமுணுத்தேனா, கத்தினேனா என்பதெல்லாம் அவளுக்கு ஒன்றுதான். என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்தது. அதற்குப் பிறகு நான் அழைத்தால் எடுப்பதே இல்லை. தொடரும் அடுத்த நாளே கதையை ஆறு மாதம் தள்ளி ஓட்டிவிட்டது. அழுதாளா, சிரித்தாளா என்று யாரும் சொல்லவில்லை. அக்கா இல்லாமல் வக்கீலம்மாவைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

4

இப்போது மத்தியானத்துக்கு வருவோம். (படபடப்பாக இருக்கிறது, நீங்களும் கொஞ்சம் வேகமாகப் படியுங்கள்.)

இருபத்தைந்து வருடப் பழைய நகைச்சுவைப் படம் ஒன்று எழுத்துப் போட வந்திருந்தது. ஒரு போஸ்ட் ஆபீஸ். நாயகன் ஸ்டாம்பை நாக்கால் நனைக்கிறான்; அது போய் அவன் மூக்கில் ஒட்டிக்கொள்கிறது. கவுண்டருக்குப் பின்னால் முத்திரை குத்திக்கொண்டிருக்கும் ஒல்லிப் பெண் நிமிர்கிறாள். வசனம் கிடையாது. டைட்டிலில் பெயரும் கிடையாது. ஒற்றைப் புருவம் ஏறுகிறது.

வக்கீலம்மாவாக நடிக்கிறவளேதான்!

வாயை மூடுகிறாள். உள்ளங்கையால் இல்லை ஐயா, புறங்கையால்! தோள் குலுங்குகிறது, இரண்டு சின்னதாக, ஒன்று பெரியதாக. பிறகு கையை எடுக்கிறாள். பல்லெல்லாம் தெரிய, கண்ணில் நீர் வர, அப்படி ஒரு சிரிப்பு! மொத்தம் பதினொரு நொடி. ஒன்பது தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அப்புறம் அந்தப் பழைய எபிசோடை எடுத்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, சோக வயலின் இல்லாமல் பார்த்தேன். இரண்டு சின்னது, ஒன்று பெரியது. கடவுளே! அழுதது வயலின். அதைக் கொண்டுபோய் அவள் தலையில் எழுதிவிட்டேன். கண்ணைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு காதால் மட்டும் வேலை பார்க்கிற எங்களுக்கென்றே உள்ள தப்பு இது.

“கத்தரி அண்ணே, எங்கக்கா சொன்னதுதான் சரி!”

“அதை என்கிட்ட சொல்லி என்னம்மா பிரயோசனம்?”

5

முடிவு அ: அக்கா மன்னித்தாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு (வீடியோ காலில் எப்படிக் கட்டிப்பிடிப்பது? அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அக்கா கடைசிவரை எடுக்கவே இல்லை. பத்திரிகைக்காரர்களுக்கு இதுதான் பிடிக்கும். இதையும் அடித்துவிட்டேன்.

நடந்தது இது. கத்தரி இரண்டு காட்சிகளையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தார். [அழுகை] என்பதை எடுத்துவிட்டு [சிரிப்பு] என்று திருத்தினேன். கீழே எழுதினேன்: “நீ பாத்ததுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு. இந்தக் காட்சியில மட்டும் இல்லக்கா.” அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்தேன்.

ஆறாவது நிமிடம் போன் அதிர்ந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு அக்கா முகம். முன்நெற்றியில் நரை கூடியிருந்தது. ஆபீஸ் என்பதால் ஒலியை அணைத்து வைத்திருந்தேன். அவளிடம் பேச ஒலி எதற்கு? “அக்கா,” என்றேன், உதடு நன்றாகத் தெரியும்படி.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கையைத் தூக்கி, புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். வக்கீலம்மா மாதிரி செய்து காட்டுகிறாளா, நிஜமாகவேயா தெரியவில்லை. தோள் குலுங்கியது. ஒன்று சின்னது. இன்னொன்று.

ஒலியைக் கூட்ட விரல் போனது. இழுத்துக்கொண்டேன். போன தடவை காதை நம்பித்தானே கெடுத்தேன்! இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்தேன், கடைசிவரை பார்த்தேன், பார்த்ததை எழுத மாட்டேன். அவள் முகத்துக்குக் கீழே நான் போட்டிருப்பது இவ்வளவுதான். உள்ளே என்ன வரும் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், தோளை நன்றாகப் பார்த்துவிட்டு:

[                    ]