குள்ள வீரன் பூவராகன்

கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் வரை ரயிலில் ஆபேல் ஒரு டிராகன் கதையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவார். அதில் அரசனுக்காக உயிரைவிடும் குள்ள வீரன், நண்பர் பூவராகனை நினைத்து உண்டாக்கியவன் என்று சத்தியமே செய்திருந்தார். அவன் செத்த வாரம் பூவராகன் வீட்டில் கறி எடுக்கவில்லை.

போன ஞாயிறு, தாம்பரம் பழைய புத்தகக் கடையில் அந்தக் கதை முழுசாக அகப்பட்டது. பூவராகன் பிறப்பதற்கு முன்பே சீமையில் அச்சான புத்தகம். குள்ளனுக்கு வேறு பெயர்.

மறுநாள் ரயிலில் பூவராகன் புத்தகத்தை ஆபேலின் மடியில் வைத்துக் கேட்டார்.

"இன்னாய்யா இது?"

"சினிமா, வீடியோ கேம் எல்லாமே இதுலேர்ந்துதான் எடுக்கறாங்க. நான் எடுத்தா மட்டும் தப்பா மச்சான்?"

"எடுத்துக்கோ. அந்தக் குள்ளன் நான்தான்னு ஏன் சொன்ன?"

"உனக்கு முன்னாடி நாலு பேர்கிட்ட, அது நீதான்னு சொல்லிப் பார்த்தேன். எவனும் நம்பல."

பூவராகன் வண்டலூரிலேயே இறங்கி, அடுத்த வண்டிக்கு நின்றார்.