திரித்துவத்துக்குப் பின்வரும் பதினாறாம் ஞாயிறு

கருவேலம்பாடி லுத்தரன் ஆலயத்தில், பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பில் என்ன பாடம் நடத்துகிறார்களோ அது நடந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆயர் அடுத்த ஊர்ச் சபைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனபிறகு, பதினொன்றரை மணிக்கு ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் வகுப்பு ஆரம்பிக்கும். வெள்ளப் பாடம் என்றால் வருகிறவர்கள் செருப்பை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, பெஞ்சின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு ஏறி, முடிவு ஜெபத்தின்போது பின்கதவு வழியாக வாய்க்காலுக்குப் போய்விடும். வானத்திலிருந்து உணவு விழும் மன்னாப் பாடத்தன்று யார் வீட்டிலும் மத்தியானச் சமையல் செய்வதில்லை. மொழிகள் குழம்பிய பாடத்தையும் சபையின் வருடாந்தரக் கூட்டத்தையும் ஒரே நாளில் வைக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் உண்டு. தெரியாமல் வைத்த ஒரு வருடம், கூட்டம் எப்போதும் போலத்தான் நடந்தது.

வகுப்பை நடத்துகிறவர் திரவியம் டீச்சர். பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பாடத்தை வாசிப்பார், விளக்குவார், கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்பார். முப்பத்தொரு வருடமாக யாரும் எதுவும் கேட்டதில்லை. அவர்கள் ஒன்றும் மந்தமானவர்கள் அல்ல. பதினான்கு வயதில், சபையின் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தலுக்காகக் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே மனப்பாடம் செய்து, சபையார் முன்னால் தடங்கலில்லாமல் ஒப்பித்தவர்கள். பதில் ஒட்டிக்கொண்டிராத கேள்வியைத் தனியாக எப்படிக் கேட்பது என்று அதன்பிறகு யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஆகவே டீச்சர் கேட்டதும் கூடத்தில் ஒரு மௌனம் வரும். ஆராதனை முறைமையில் அச்சடிக்க விட்டுப்போன ஒரு பாகத்தைப்போல எல்லோரும் தலைகுனிந்து அதை அனுசரிப்பார்கள். பிறகு எழுந்து முடிவு ஜெபம் சொல்வார்கள். நடந்துகொண்டிருந்த பாடம் நின்றுவிடும். எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மதுரநாயகம், இருபத்திரண்டு வருடமாக இந்த மௌனத்தில் தவறாமல் கலந்துகொண்டு வருகிறவர். அவருக்கும் மனைவி சுகிர்தத்துக்கும் ஒரே மகள், எப்சிபா. நர்சுக்குப் படித்து, ஜெர்மன் பாஷையும் படித்து, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருந்தாள். விமானத்தைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிப் பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்ப வேண்டும்.

மதுரநாயகத்துக்கு ஜெர்மனிமேல் ஒரு கோபமும் இல்லை. பயமெல்லாம் வீட்டைப் பற்றித்தான். அவரும் சுகிர்தமும் சண்டை போட்டுக்கொண்டவர்கள் அல்ல. ஆனால் எப்சிபா பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வழியாகவே பேசிப் பழகிவிட்டார்கள். அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்று சுகிர்தம் மகளிடம் சொல்வாள். அம்மாவிடம் என் கண்ணாடி எங்கே என்று கேள் என்பார் இவர். இருபத்தைந்து வருடக் குடும்பம் இப்படியே நடந்திருந்தது. மகள் போய்விட்டால் வீட்டில் இரண்டு பேர் மிஞ்சுவார்கள், பேச்சு மிஞ்சாது. மின்கம்பத்து உச்சியில் தொங்கியபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

சபை நாட்காட்டியைப் பார்த்தார். திரித்துவத்துக்குப் பின்வரும் பதினாறாம் ஞாயிறு என்று போட்டு, அதற்கு நேராகச் சூரியன் நின்ற பாடம் என்று அச்சடித்திருந்தது. யுத்தம் முடியும்வரை சூரியன் நகராமல் நின்றதாக வேதத்தில் வரும் கதை; வருடா வருடம் வருகிற பாடம்தான். டீச்சர் வாசிக்கும்போது சூரியன் கூடத்துக்கு மேலே வந்து நின்றுகொள்ளும். கடிகாரங்களும் ஒரு மரியாதைக்கு நின்றுகொள்ளும். இருபது நிமிஷம் போல இருந்துவிட்டு, முடிவு ஜெபத்துக்கு ஆமென் சொன்னதும் கிளம்பிவிடும். சூரியன் ஒன்றுதான் என்பதால் எல்லா ஊரிலும் நிற்கத்தான் செய்யும். மற்ற ஊர்க்காரர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்று இன்னொரு தூக்கம் போடுவார்கள்.

வகுப்பு முடியாவிட்டால் இரண்டு மணி வராது. இரண்டு மணி வராவிட்டால் பஸ் வராது. ஒரு கேள்வி மட்டும் வேண்டியிருந்தது. மதுரநாயகம் ஒரு வாரம் உட்கார்ந்து அதைத் தயார் செய்தார்.

அந்த ஞாயிறு பன்னிரண்டு பத்துக்குச் சூரியன் நின்றது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். மௌனம் வந்தது. பொருளாளர் யோவேல், வீட்டில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்ததால், ஜெபத்துக்குச் சற்று முன்கூட்டியே எழுந்து நின்றார். பக்கத்தில் மதுரநாயகமும் எழுந்து கையை உயர்த்தியதைக் கண்டு மெல்ல மறுபடி உட்கார்ந்தார்.

"டீச்சர், அன்னைக்குச் சூரியன் நின்னுச்சே, அப்போ ஊருக்குக் கிளம்பவேண்டியவங்க யாராவது இருந்திருந்தா, அவங்க போனாங்களா, இருந்துட்டாங்களா?"

டீச்சர் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை விரலை வைத்துப் படித்துப் பார்த்தார். அதில் அந்த விவரம் இல்லை. வகுப்பின் விதிகளில் இதற்கு இடம் இருந்தது. முப்பத்தொரு வருடமாக யாருக்கும் தேவைப்படாத விதி அது. பதில் தெரியாத கேள்வியைப் பதிவேட்டில் எழுதி, சபையின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போட வேண்டும். பதில் வரும்வரை வகுப்பை முடிக்கக் கூடாது. எழுதிய கேள்வியைத் திரும்பப் பெறவும் கூடாது. டீச்சர் நல்ல கையெழுத்தில் எழுதி உறையை ஒட்டினார். தலைமை அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும். திங்கட்கிழமை வருவதற்கு வழியில்லை. அங்கிருந்து பதில் வரத் தாமதமாவது புதிதல்ல என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் தொடர்ந்தது. பசி நிற்கவில்லை, தூக்கமும் நிற்கவில்லை. ஆகவே வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரும் முறைபோட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, கூடத்துப் பெஞ்சில் வந்து படுத்தார்கள். நாள் என்று ஒன்று இல்லாததால் சாப்பாட்டு வேளைகளைக் கணக்கு வைத்தார்கள். யோவேல் வீட்டுக் கறி இரண்டாம் வேளையோடு முடிந்தது. ஊர்ப் பெண்கள் வடகம் போட்டார்கள், எலுமிச்சங்காயை உப்பில் போட்டுக் காயவைத்தார்கள். இந்த மாதிரி வெயில் கிடைக்காது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அரிசி குறைந்தபோது டீச்சர் மன்னாப் பாடத்தை ஒருமுறை வாசித்தார். மன்னாவை மறுநாளைக்கு வைத்துக்கொண்டால் கெட்டுப்போகும். மறுநாள் வராததால் அது கெடாமல் இருந்தது. உப்புதான் கொஞ்சம் குறைவு.

முதல் பத்து வேளை மதுரநாயகம் சந்தோஷமாக இருந்தார். அவர் வேண்டியது அப்படியே கிடைத்திருந்தது. சாப்பிடப் போகும்போதெல்லாம் எப்சிபா பரிமாறினாள். கண்ணாடி எங்கே என்று கேட்டால் அம்மாவிடம் கேட்டுவந்து சொன்னாள். பதினைந்தாம் வேளைக்குப் பிறகுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். அவள் பயணத்துக்கு உடுத்திய சுடிதாரை மாற்றவே இல்லை. வேலை இல்லாத நேரத்தில் வாசல்பக்கம் சூட்கேஸின்மேல் உட்கார்ந்து, மடியில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்திருந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. தான் செய்தது தப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் பதிவேட்டில் எழுதியதை என்ன செய்ய முடியும்?

முப்பத்தோராம் வேளை முடிந்து எப்சிபா வகுப்புக்கு வந்தாள். சூட்கேஸையும் இழுத்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் சேராதவர்கள் பதில் சொல்லலாமா என்று முதலில் கேட்டாள். விதியில் தடை இல்லை என்று டீச்சர் சொன்னார்.

"போயிருப்பாங்க," என்றாள் எப்சிபா, அப்பாவைப் பார்த்து. "வண்டி வராதில்லப்பா. அதனால நடந்து போயிருப்பாங்க."

கூடத்தில் இருந்தவர்கள் இது சரியான பதில் மாதிரிதான் இருக்கிறது என்றார்கள். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பத்து நான்கு வருடம் கணக்கு நடத்தியவர். விடை எழுதினால் போதாது, அடியில் சரிபார்த்துக் காட்டவேண்டும் என்பதில் கண்டிப்பானவர். அப்படி ஒருவர் கிளம்பிப் போய்ச் சேரவும் முடிகிறதா என்று பார்த்தபிறகுதான் பதிலைப் பதிவேட்டில் ஏற்றுவேன் என்றார். எப்சிபா சரி என்றாள். சூட்கேஸில் சக்கரம் இருந்தது.

மதுரநாயகம் ஊர் எல்லைவரை சூட்கேஸை இழுத்துக்கொண்டு கூடவே நடந்தார். சுகிர்தம் சோற்றுப் பொட்டலத்தையும் குடையையும் கொடுத்தாள். தண்ணி நிறையக் குடி என்று மட்டும் சொன்னார் அவர். எப்சிபா ஜெர்மனிக்கு எந்தப் பக்கம் என்று பெட்ரோல் பங்கில் ஒருமுறை கேட்டுக்கொண்டு, வடமேற்கே திரும்பி நடந்தாள். சக்கரச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அதன்பிறகு மதுரநாயகத்துக்கு ஒரே கவலைதான். வழியில் அவளுக்கு இருட்டிவிடக் கூடாது. அவள் போய்ச் சேரும்வரை வகுப்பு நடந்தாக வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து தப்பித்தவறி யாராவது முன்கூட்டியே பதில் அனுப்பிவிடப்போகிறார்கள் என்று அவர் கூடத்து வாசலிலேயே உட்கார்ந்து காவல் இருந்தார். மற்றவர்கள் பொறுமை இழந்துவிடுவார்களோ என்றும் பயந்தார். நூற்றிருபதாம் வேளையில் யோவேல் எழுந்து நின்று தொண்டையைச் செருமியபோது அவரும் கூடவே எழுந்து நின்றார்.

"நாம எங்க போயிடப் போறோம்," என்றார் யோவேல். "பிள்ளை வெளிச்சத்துலயே போய்ச் சேரட்டும்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். மதுரநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

வீட்டில் முதலில் சாப்பாட்டு வேளைகள் சிரமமாகக் கழிந்தன. அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்று சுகிர்தம் அடுப்படியிலிருந்து சொல்வாள். சொல்ல ஆள் இருக்காது. சோறு ஆறும். இவரும் கண்ணாடியைத் தானே தேடி, கிடைக்காமல், கண்ணாடி இல்லாமலே வகுப்புக்குப் போவார். நாற்பது வேளைக்குமேல் இப்படி ஓடியது. ஒருமுறை சுகிர்தம் கூடத்து வாசலுக்கே வந்து, அவர் முகத்தைப் பார்த்து, சாப்பிட வாங்க என்றாள். அவர் எழுந்து போனார். அந்த வேளையில் இருவரும், பிள்ளை இப்போது எங்கே போயிருப்பாள் என்று பேசினார்கள். பாலைவனம் தாண்டியிருப்பாள் என்றாள் சுகிர்தம். இவர் இன்னும் மலையே வந்திருக்காது என்றார். அதைப் பற்றி இரண்டு வேளைக்குச் சண்டை நடந்தது. இருவருக்கும் அது பிடித்திருந்தது.

எழுநூற்றுப் பன்னிரண்டாம் வேளையின்போது ஆலய அலுவலகத்தில் போன் அடித்தது. மதுரநாயகம்தான் எடுத்தார். எப்சிபா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். மேற்கே போகப் போக வெயில் குறைந்து, மத்தியானம் பின்னோக்கிக் காலைப்பக்கமாகப் போய்விட்டதாகவும், அங்கே இன்னும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை என்றும் சொன்னாள். கோயில் மணி அடிக்கிறவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாராம். வேலைக்கு ஒருநாள்கூடப் பிந்தவில்லை. மழை பெய்திருந்ததால் ஆஸ்பத்திரி வாசற்படியில் வழுக்கி, முழங்காலில் மட்டும் கொஞ்சம் சிராய்ப்பு.

"சேந்துட்டேன்னு டீச்சர்கிட்ட சொல்லிடுங்கப்பா," என்றாள்.

அவர் போனை வைத்தார். பிறகு கூடத்துக்கு வந்து விவரத்தைச் சொன்னார். டீச்சர் பதிவேட்டைத் திறந்து, கேள்விக்கு அடியில் பதிலை எழுதி, சரிபார்க்கப்பட்டது என்று சிவப்பு மையில் கோடு போட்டார். வேறு கேள்வி இருக்கிறதா என்றார். மௌனம் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். முடிவு ஜெபத்துக்கு ஆமென் சொன்னார்கள். சூரியன் நகர்ந்தது. கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு பதினொன்று காட்டியது.

அவர் வீட்டுக்குப் போனபோது பன்னிரண்டு இருபது. ஞாயிறு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது; பஸ் இரண்டு மணிக்குத்தான் என்பதால் எப்சிபா இன்னும் கிளம்பாமல் வீட்டில் இருந்தாள். சுகிர்தம் மீன் பொரித்துக்கொண்டிருக்க, இவள் தட்டுகளைக் கழுவி வைத்தாள். முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அங்கே குளிர் எப்படி என்று மதுரநாயகம் விசாரித்தார். ஒரு ஸ்வெட்டர் பத்தாது என்று அவள் சொன்னாள். அவர் பரணில் ஏறி, கம்பளிச் சால்வையை எடுத்துச் சூட்கேஸில் வைத்தார். சூட்கேஸ் மூடாததால் அதன்மேல் உட்கார்ந்து அழுத்தினார்.

ஒன்றே முக்காலுக்கு மூன்று பேரும் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். பஸ் நேரத்துக்கு வந்தது. நடத்துனர் சூட்கேஸை வாங்கி உள்ளே வைத்தார்.

"ஆஸ்பத்திரி வாசப்படியில பாத்து ஏறு," என்றார் மதுரநாயகம்.

"சரிப்பா, இந்தத் தடவை பாத்து ஏறுறேன்," என்று சொல்லிவிட்டு எப்சிபா பஸ்ஸில் ஏறினாள்.