'போ' என்று சொல்லாத வீடு

வெளியே கிளம்புகிறவர்களை 'போ' என்று சொல்லி அனுப்பும் வழக்கம் மகேஸ்வரியின் வீட்டில் கிடையாது. கிளம்புகிறவர்களும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். கோவில்பட்டியை விட்டு வங்காளத்துக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பெஹாலாவின் இந்த மூன்றாம் மாடி வீட்டில் சாப்பாடு மாறிவிட்டது, பேச்சில் பாதி வங்காளமாகிவிட்டது. ஆனால் வாசலில் சொல்லும் அந்த வாக்கியம் மட்டும் மாறவில்லை. ரயில்வே அலுவலகத்துக்குக் கிளம்பும் முருகானந்தம் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே 'போயிட்டு வாரேன்' என்பார். ஜாதவ்பூரில் படிக்கும் மகள் மஹிமாவுக்குத் தமிழில் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வதற்குள் மூச்சு வாங்கும். அவளும் அதை மட்டும் பிசகில்லாமல் சொல்லுவாள்.

அதனால்தான் அவர்கள் வளர்த்த நாய் பொரியைக் கடைசியாகத் தூக்கிக்கொண்டு போனபோதும் மகேஸ்வரியின் வாயில் அதுவே வந்தது.

மழைக்காலம். பொரிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது, இனி வலியில்லாமல் அனுப்பிவைப்பதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முருகானந்தம் அவனைப் போர்வையில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினார். மகேஸ்வரி கூடப் போகவில்லை, தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். படித் திருப்பத்தில் போர்வைக்குள்ளிருந்து வெள்ளை முகம் மட்டும் தெரிந்தபோது, 'போயிட்டு வா ராசா' என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. முருகானந்தம் திரும்பி வந்தபோது கையில் கழுத்துப்பட்டை மட்டும் இருந்தது.

பிறகு அந்த வாக்கியம் அவளுக்குள் ஒரு முள்ளைப்போல் தங்கிவிட்டது. அவளுக்குப் பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை. செத்த நாய் திரும்பி வராது என்பது தெரியாதவளா? ஆனாலும் வரச் சொல்லி அனுப்பியிருக்கிறோம், சொன்னவள் வீட்டில் இருக்க வேண்டாமா என்று உள்ளே எதுவோ அடம்பிடித்தது. பால்கனியில் பொரி படுக்கும் பாயை யாரையும் எடுக்க விடவில்லை. அவன் மூக்கால் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதற்காக எப்போதும் தாழில்லாமல் விட்டிருந்த பால்கனிக் கதவு, இப்போதும் தாழில்லாமலே இருந்தது. கொசு வருகிறது, டெங்கு வருகிறது, மார்கழிக் குளிரும் வந்துவிட்டது என்று முருகானந்தம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். கதவு இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தேதான் கிடந்தது.

பொரி என்ற பெயரிலேயே ஒரு கூத்து உண்டு. தெருமுனையில் பொரி விற்கிறவர் வண்டிக்கடியில் கிடந்த குட்டி அவன். வெள்ளை உடம்பில் இளம்பழுப்புப் புள்ளிகள், பொரியை அள்ளித் தெளித்தாற்போல். அதனால் பொரி. வங்காளிகளின் காதில் அது தேவதை என்று விழும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எதிர்வீட்டு கோஷ் பாபுவின் மனைவி, இவ்வளவு முரட்டு ஆண் நாய்க்குத் தேவதை என்று பெயர் வைத்த மதராஸிகளின் ரசனையை நினைத்து ஒரு வருஷம் வாய் திறக்காமல் இருந்தாள். பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டாள். விஷயம் தெரிந்து இரண்டு வீடும் சேர்ந்து சிரித்தது. அதற்குப் பிறகும் அவள் அவனைத் தேவதை என்று நினைத்துத்தான் கூப்பிட்டாள். அவனும் அதற்குத் தகுந்தாற்போல் மெதுவாக நடந்து போவான்.

ஷிப்ரா தி தன் நாயைப் பற்றிப் பேச்செடுத்தது இந்த நிலைமையில்தான். மகேஸ்வரியின் அலுவலகத்தில் மூத்தவள், அதனால் எல்லாருக்கும் 'தி', அதாவது அக்கா. தனியாள். ஓய்வு பெற்றதும் சிலிகுரியில் தம்பி வீட்டோடு போய் இருப்பதாக முடிவாகியிருந்தது. தம்பி பேரனுக்கு மூச்சிரைப்பு, நாய் ஆகாது. மகேஸ்வரியைத் தவிர வேறு யாரிடமும் விட மனசில்லை என்றாள். மகேஸ்வரிக்கு மறுக்கத் தெரியவில்லை. வீட்டில் வந்து சொன்னபோது அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையிலிருந்து, இருவரும் இதற்காகவே காத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. ஒரு வாரம் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் வேறு இடம் தேடலாம் என்று சொல்லிவைத்தாள்.

நாயின் பெயர் புலோ. மறதிக்காரன் என்று அர்த்தம். வங்காளத்தில் தெருவுக்கு ஒரு புலோ இருக்கும். செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருக்கும், இளமையைத் தாண்டிய வயசு. ஷிப்ரா தி அதன் கம்பளியையும் கிண்ணத்தையும் பையில் போட்டு எடுத்து வந்தாள். தேநீர் குடித்தாள், ரயிலுக்கு நேரமாகிறது என்றாள். வாசலில் குனிந்து அதன் மடிந்த காதை நிமிர்த்திவிட்டு, தினமும் அலுவலகத்துக்குக் கிளம்புகிற அதே குரலில் ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அழவில்லை. கீழே போய் அழுதிருப்பாள் என்று மகேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

புலோ வாசலை விட்டு நகரவில்லை. கம்பிக் கதவுக்கு நேராக, மூக்கைக் கம்பி இடுக்கில் வைத்துக்கொண்டு படுத்தது. முருகானந்தம் கூடத்திலிருந்து கையைத் தட்டி, 'வா வா, உள்ள வா' என்று கூப்பிட்டார். அது திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது. எழுந்து வரவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். மறுபடி வாலாட்டல். மஹிமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாதி வங்காளமும் பாதி தமிழுமாகச் சொன்னாள்.

"அப்பா, நீ கூப்பிடுறேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நீ சொல்ற 'வா' அதுக்கு 'பா'ன்னுதான் கேட்கும். பெங்காலில 'பா'ன்னா பலே. உட்கார்ந்திருக்கிறதுக்கு நீ பாராட்டுறேன்னு நினைக்கிறான்."

"நல்லா இருக்கே. அப்ப நாந்தான் இனி தமிழ மறக்கணுமாக்கும்."

அப்பாவும் மகளும் சிரித்ததில் மகேஸ்வரியும் கலந்துகொண்டாள். ஆனால் புலோ சாப்பிடவில்லை. சோறும் கோழியும் பிசைந்து வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர் மட்டும் குடித்தது. படியில் காலடி கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்த காது இன்னும் நிமிரும், மடிந்த காதுகூடப் பாதி எழும்பும். காலடி வேறு மாடிக்குத் திரும்பியதும் இரண்டும் தணிந்துவிடும். மஹிமா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வங்காளத்தில் கொஞ்சினாள். பிஸ்கட்டுக்கு மட்டும் இரங்கியது.

"அது நம்ம வீட்ட ஏத்துக்கலடி" என்றாள் மகேஸ்வரி.

"அது இல்லம்மா. அவன்."

தன் மனசுக்குள் இருந்ததை மகேஸ்வரி யாரிடமும் சொல்லவில்லை. அது சாப்பிடாதபோதெல்லாம் அவளுக்குள் ஒரு சிறு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதுவே வேண்டாம் என்கிறது, பாயை எடுக்க வேண்டியதில்லை, கதவைச் சாத்த வேண்டியதில்லை. மஹிமாவின் தோழி ஒருத்தியின் குடும்பம் சால்ட் லேக்கில் இருந்தது, வீட்டைச் சுற்றித் தோட்டம். அவர்களுக்கு நாய் வேண்டும் என்று கேள்விப்பட்டு மகேஸ்வரியே தொலைபேசியில் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் காரில் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். வீட்டில் இதைச் சொன்னபோது மஹிமா எழுந்து உள்ளே போய்விட்டாள். முருகானந்தம், 'உனக்கு எது சரின்னு படுதோ' என்றார். அவர் அப்படிச் சொன்னால் சரியில்லை என்று அர்த்தம்.

ஞாயிறு காலை மகேஸ்வரி மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். மதியம் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியாது. பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டும் முக்காலியில் உட்கார்ந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கோஷ் பாபு குல்லாய் போட்டு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே திரும்பி மனைவியிடம், "ஆஷி" என்று குரல் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

புலோ துள்ளி எழுந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. கம்பிக் கதவில் முன்னங்காலை வைத்து நின்று, தொண்டைக்குள்ளேயே ஒரு மெல்லிய ஓலம் போட்டது. கோஷ் பாபுவின் செருப்புச் சத்தம் மாடி மாடியாக இறங்கித் தேய்ந்து மறையும்வரை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி, பழையபடி மூக்கைக் கம்பி இடுக்கில் வைத்துக்கொண்டது.

மகேஸ்வரிக்கு ஒரு செருப்புதான் காலில் இருந்தது. இன்னொன்று கையில்.

ஷிப்ரா தி அன்றைக்கு வாசலில் குனிந்து என்ன சொன்னாள் என்பது இப்போது அவள் காதில் தெளிவாகக் கேட்டது. 'ஆஷி ரே, புலோ.' வருகிறேன்டா. வங்காளிகளும் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். 'வருகிறேன்' என்றுதான் சொல்லுவார்கள். இத்தனை வருஷமாகக் காதில் விழுகிற வார்த்தை, தன் வீட்டு வார்த்தையும் இதுவும் ஒன்றுதான் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஷிப்ரா தி பொய் சொல்லவில்லை. நாக்குக்குப் பழகியதைச் சொன்னாள். தினமும் அதைச் சொல்லிவிட்டுப் போய், தினமும் திரும்பி வந்திருக்கிறாள். மறதிக்காரன் என்று பெயர் வைத்த இந்த நாய் அதை மறக்காமல் காத்துக்கொண்டிருந்தது.

ஏற்றுக்கொள்ளவில்லை என்று நினைத்தோமே. வரேன் என்று சொன்னவள் வருவதற்குள் வேறு வீட்டில் எப்படிச் சாப்பிடுவான்?

'அவன்' என்று தான் நினைத்ததை அவள் கவனிக்கவில்லை. முக்காலியை விட்டுத் தரையில் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுக்குத் தெரிந்த மொழியில்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ஓ ஆர் ஆஷ்பே நா ரே" என்றாள். அவள் இனி வரமாட்டாள்டா.

இப்படி ஒரு வாக்கியத்தை அவள் இதுவரை எந்த மொழியிலும் வாய்விட்டுச் சொன்னதில்லை. புலோ திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தமிழுக்கு மாறினாள். அது அவனுக்காக இல்லை.

"எங்க பொரியும் வரமாட்டான்."

கண்ணீர் வந்தது. ஆனால் அவள் பயந்துகொண்டிருந்த அழுகை இல்லை. இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டாற்போல, தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. புலோ அவள் முழங்கையை முகர்ந்து, ஒருமுறை நக்கினான். உப்புக்காக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் எழுந்து இன்னொரு செருப்பையும் மாட்டினாள். கம்பிக் கதவைத் திறந்து வெளியே நின்று, அவன் கண்ணைப் பார்த்து, "ஆஷி" என்றாள்.

அவன் காது நிமிர்ந்தது. அவள் மூன்று மாடியும் இறங்கிப் போய், கீழே அஞ்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள். புலோ எழுந்து நின்றிருந்தான். வால் ஆடவில்லை. யோசனையாகப் பார்த்தான். மறுபடி "ஆஷி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மறுபடி ஏறினாள். இந்தத் தடவை எதிர்வீட்டுக் கதவு திறந்து கோஷ் பாபுவின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன பௌதி, எதையாவது மறந்துட்டு மறந்துட்டு வர்றீங்களா?" என்று அண்ணி முறை வைத்து வங்காளத்தில் கேட்டாள். "மறதிக்காரன்னு நாய்க்குப் பேரு. மறதி உங்களுக்கு வந்திருக்கு."

பால்காரனைப் பார்க்கப் போனேன் என்று மகேஸ்வரி ஏதோ உளறினாள். சிரிப்பு வந்துவிட்டது. மூட்டு வலித்தது. மூன்றாம் முறை உண்மையாகவே மார்க்கெட் வரைக்கும் போனாள். கோழி ஈரலும் மீனும் வாங்கும்போது, அவசரமாகத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பில் பேரம் பேசக்கூட மறந்தாள். வீட்டில் தனக்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்ற அவசரம் அது. அந்த அவசரம் வந்து எவ்வளவு நாளாயிற்று என்று வழியில் நினைத்துக்கொண்டாள்.

படியேறும்போதே மேலே கம்பிக் கதவு குலுங்கும் சத்தம் கேட்டது. புலோ இரண்டு காலில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் வால் ஒருமுறை அசைந்தது, நின்றது, பிறகு நிற்காமல் ஆடியது. அவள் ஈரலை வேக வைத்துச் சோற்றில் பிசைந்து ஆற வைக்கும்வரை சமையலறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். வாசல் கதவுக்கு அப்போதுதான் முதல்முறையாக முதுகைக் காட்டினான். கிண்ணத்தை வைத்ததும் தலை நிமிராமல் தின்றான். மஹிமா சத்தம் கேட்டு எழுந்து வந்தவள், அம்மாவின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பா, பா" என்றாள் மகேஸ்வரி அவனிடம். பலே.

சால்ட் லேக்குக்குத் தொலைபேசியில் பேசினாள். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கச் சொன்னாள், புலோ இங்கேயே இருக்கப்போகிறான் என்றாள். அவர்கள் வருத்தப்படவில்லை, அப்படித்தான் ஆகும் என்று நினைத்தோம் என்றார்கள். பேசி முடித்ததும் வீடே ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டதைப்போல இருந்தது.

பிறகு பால்கனிக்குப் போனாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பொரியின் பாயை எடுத்து உதறினாள். வெள்ளை முடிகள் எழும்பி, வெயிலில் மின்னி, கம்பிகளுக்கு வெளியே மிதந்து போயின. ஒன்றிரண்டு அவள் கையிலேயே ஒட்டிக்கொண்டன. அவற்றை அவள் தட்டிவிடவில்லை. போகிறவற்றைப் பார்த்துக்கொண்டே, இந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத அந்த வார்த்தையை மெதுவாகச் சொன்னாள்.

"போ ராசா."

பாயைத் துவைத்துக் கொடியில் போட்டாள். பால்கனிக் கதவை இழுத்துச் சாத்தினாள். வெகுநாள் போடாத தாழ் இறுகிப் போயிருந்தது, ஈரக் கையால் இரண்டு முறை தள்ளிப் போட வேண்டியிருந்தது. கூடத்தின் நடுவே வெயில் விழுந்த இடத்தில் புலோ காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.

முருகானந்தம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். அங்கே யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டார்.

"யாருட்டயும் இல்ல" என்றாள். "கொசு வருதுன்னு கதவச் சாத்தினேன்."